உப்புப் போட்ட ஐஸ்

எங்கள் பழைய பணிமனையின் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் இப்போது ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே குளிர் கூடினாலும் குறைந்தாலும் அது பொறுப்பானவரின் கைபேசிக்குத் தகவல் அனுப்புமாம். போன மாதம் அதைக் காட்டுவதற்காகவே என்னைக் கூப்பிட்டார்கள். இளம் குடும்பநல உத்தியோகத்தர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, "இனிக் கொப்பியில எழுதுற வேலையே இல்ல மிஸ்" என்று சந்தோசப்பட்டார்கள். நான் அந்தக் கருவியின் வயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். கரண்ட் போனால் என்ன ஆகும், தகவல் வருகிற நேரம் கைபேசிக்காரி குளித்துக்கொண்டிருந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "சி.ஐ.டி. மிஸ் பென்சன் எடுத்தும் மாறல்ல" என்று பின்னால் ஒருத்தி மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

வெளிக்கிடும்போது அவர்களில் ஒருத்தி, பணிமனை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றாள். "அந்த உப்பு ஐஸ் விசயத்த நீங்க கண்டுபிடிச்ச கதைய எழுதுங்க மிஸ்" என்றாள். எனக்குத் திக்கென்றது. இத்தனை வருடத்தில் அந்தக் கதை இப்படி மாறிப்போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு வேறு ஆளைப் பிடித்தவள் நான். அதைத்தான் எழுதுகிறேன், போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

எனக்கு ஊர் நிந்தவூர். மட்டக்களப்பில் படித்தேன், ஆசுபத்திரியில் பிரசவம் பார்த்துப் பழகினேன், பிறகு கல்முனைப் பக்கத்தில் ஒரு சுகாதாரப் பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். ஊர்ச்சனம் மிட்வைஃப் என்றுதான் கூப்பிடும். சேர்ந்த அந்தப் பணிமனையிலேயே மேற்பார்வைக்காரியாகி ஓய்வும் பெற்றேன். இது எந்த ஊர்ப் பணிமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

பயிற்சியில் எனக்குப் பிடித்த பாடம் நிர்ப்பீடனம். உடம்பு நோயோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது, அதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்கிற பாடம். பிடித்ததற்குக் காரணம், உடம்பும் என்னைப்போல ஆளை நம்பாத குணம் உள்ளது. தோலும் மூக்குச்சளியும் கண்ணீரும் வருகிறவனை வாசலிலேயே மறிக்கும். அதைத் தாண்டி ஒரு கிருமி உள்ளே போனால் வெண்குழியங்களில் ஒரு கூட்டம் யார் எவர் என்று விசாரிக்காமலே விழுங்கப் பார்க்கும். காய்ச்சலும் வீக்கமும் அந்தச் சண்டையில் வருபவை. விழுங்கியவற்றில் சில, கிருமியின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கழுத்து, கமக்கட்டு, தொடை இடுக்கு என்று நெறி கட்டுகிற இடங்களுக்குப் போகும். அங்கே கோடிக்கணக்கான கலங்கள் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். தனக்குத் தெரிந்த துண்டைக் கண்ட கலம் பெருகத் தொடங்கும். அப்படிப் பெருகியவற்றில் ஒரு வகை பிறபொருளெதிரிகளைச் செய்து இரத்தத்தில் விடும், அவை கிருமியைப் பற்றிப் பிடிக்கும், இன்னொரு வகை கிருமி புகுந்த சொந்தக் கலங்களையே தேடிப் பிடித்துக் கொல்லும். முதல் தடவை இதற்கு ஒரு கிழமை, இரண்டு கிழமை போகும். அதற்குள் நோய் முந்திவிடலாம். சண்டை முடிந்த பிறகு பெரும்பாலான கலங்கள் செத்துப்போக, கொஞ்சம் மட்டும் ஞாபகத்தோடு மிஞ்சும். அதே கிருமி மறுபடி வந்தால் அவை கெதியாக எழும்பும்.

தடுப்பூசி என்பது நோயைத் தராமல் அந்த அடையாளத்தை மட்டும் முன்கூட்டியே காட்டுவது. பிறந்த பிள்ளைக்கு உம்மாவிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் சில மாதம் துணை நிற்கும், பிறகு குறைந்துபோகும். அந்த இடைவெளிக்குள் பிள்ளை தானாகச் செய்து பழக வேண்டும். ஒரு தரம் காட்டினால் போதாது என்பதால்தான் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் மூன்று தரம் போடுகிறோம். இதெல்லாம் சரி. ஆனால் ஊசி போட்டதற்கு உடம்பில் வெளியே எந்தச் சாட்சியும் இல்லை. பிறந்தவுடன் போடுகிற காசநோய் ஊசி மட்டும் கையில் ஒரு தழும்பை விடும். மற்றதற்கெல்லாம் கொப்பியில் இருக்கும் எழுத்துத்தான் சாட்சி. எழுத்தை நான் நம்புவதில்லை, ஏனென்றால் நானே எழுதியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை, அடுத்த நாள் ஜும்ஆத் தொழுகை அவசரத்தில் மறந்துவிடுவேன் என்று வெள்ளிக்கிழமைக்குரிய இரண்டு எண்களையும் முன்கூட்டியே எழுதி வைத்தேன். எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி டொக்டர் தவராசா அன்று பின்னேரம் அந்தக் கொப்பியைக் கையில் எடுத்தார்.

அவர் காரைதீவு ஆள், மெலிந்தவர், சத்தம் போட மாட்டார். கொப்பி எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்குப் புரட்டுவார். நாம் சொல்லும் விளக்கம் பிடிக்கவில்லை என்றால் பேனையின் மூடியைப் போட்டு மேசையில் வைத்துவிடுவார். மூடி போட்டாரென்றால் அதற்கு மேல் நாம் சொல்வது எதையும் அவர் எழுதப்போவதில்லை என்று அர்த்தம். அன்று மூடியைப் போட்டுவிட்டு, "நாளைக்கு எவ்வளவு குளிர் எண்டு உங்களுக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஏசவில்லை, மேலிடத்துக்கும் எழுதவில்லை. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து நான் பொய்க் கொப்பிகளை மோப்பம் பிடிக்கத் தொடங்கினேன். ஒரே பேனை மையில் ஒரு மாதம் முழுக்க எழுதியிருந்தால் சந்தேகம். எழுத்து அழகாக இருந்தால் இன்னும் சந்தேகம். மேற்பார்வைக்காரியான பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கிளினிக்குகளுக்குப் போய் நிற்பேன். கிளினிக்குக்கு ஐஸ் போட்டுக் கொண்டுபோகிற மருந்துப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். குளிர் பற்றாமல் இருந்தால் அந்தக் கிளினிக் மிட்வைஃபுக்கு அன்று சோறு இறங்காது. "நீ தண்ணியையும் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துத்தான் குடிப்பா" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்கு அதில் பெருமைதான்.

எனக்குக் கீழே வேலை செய்தவர்களில் பஸீலா என்றொரு மிட்வைஃப். கடற்கரையோரக் குடும்பம், அவளுடைய நானா, கூடப் பிறந்த மூத்தவர், மீனை ஐஸில் போட்டு வைக்கிற வாடி வைத்திருந்தார். வாடிக்குப் பக்கத்துவளவில்தான் அவளுடைய வீடு. கிளினிக்கும் அதே கடற்கரைத் தெருக்களுக்குத்தான். சனம் அவளை வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருந்தது, சின்னவர்களுக்கு அவள் ராத்தா, அக்கா முறை. கொப்பி அச்சுப்போல இருக்கும். பெட்டிக்குள் கையை விட்டால் விரல் விறைக்கும். மாதாந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நான் சொல்லியிருக்கிறேன்: "மாஷா அல்லாஹ், பெட்டி வைக்கிறதப் பஸீலாக்கிட்ட பழகுங்க." கொப்பியில் சந்தேகம், பெட்டியில் நம்பிக்கை. என் கணக்கு அப்படி இருந்தது.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு கிழமை இருக்கும். அவளுடைய பகுதியில் ஏழு மாதப் பெண்பிள்ளை ஒன்றை ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். பெயர் ஹனா. தொடர்ந்து இருமல். மூச்சை உள்ளே எடுக்க இடம் கொடுக்காமல் இருமும், இருமி இருமி முகம் நீலம் பாய்ந்து, கடைசியில் பாலைக் கக்கிவிட்டுத் துவண்டு விழும். குக்கல், அதாவது கக்குவான் இருமல் என்று வாட்டு டொக்டருக்குச் சந்தேகம். சளி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள், குக்கல்தான் என்று உறுதியானது. சின்னப் பிள்ளைக்கு அது உயிரை எடுக்கிற நோய். ஆனால் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் குக்கலுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி மூன்று தரமும் போட்டதாகப் பஸீலாவின் அழகான எழுத்தில் இருந்தது. மூன்றாவது ஊசியின் திகதி நோன்பு மாதத்துக்குள் விழுந்தது.

எனக்கு மறுநிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். எங்கள் ஊர்களில் நோன்பு மாதத்தில் ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவர உம்மாமார் பின்னடிப்பார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், பிள்ளை அழும், விடியமுன் ஸஹருக்கு எழும்பிச் சமைத்துவிட்டு நோன்போடு பகல் முழுக்கத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. பெருநாள் கழித்து வருகிறோம் என்பார்கள். இரக்கப்பட்ட மிட்வைஃப், போட்டதாக எழுதிவிட்டுப் பிறகு போடலாம் என்று விட்டிருப்பாள். போதாததற்கு அந்தத் தெருவில் ஊசி பற்றி ஒரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது, பிள்ளைப்பேற்றைக் கெடுக்க வந்த ஊசி என்று. உம்மா பொய், மிட்வைஃப் பொய், இரண்டும் சேர்ந்து பிள்ளையைக் கொல்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு வாட்டுக்குப் போனேன்.

பிள்ளையின் உம்மா றிஸ்வானாவுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பிள்ளை ஒக்சிஜனில் கிடந்தது. பக்கத்தில் வாங்கில் அவளுடைய மாமியார் தஸ்பீஹ் மணி உருட்டி ஓதிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையின் இடது கையைத் தூக்கிக் காசநோய் ஊசியின் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பிறகு விசாரிக்கத் தொடங்கினேன்.

"மூணாவது ஊசிக்கு வந்தயா?"

"வந்த மிஸ். நோன்பு பதினொண்டு. நான் நோன்போடதான் தூக்கிட்டு வந்த."

"காய்ச்சல் வந்திச்சா?"

"இல்ல மிஸ். அல்லாஹ் காப்பாத்தினான் எண்டு நினச்சன்."

"முதல் ஊசிக்கு?"

"அதுக்கும் பெருசா வரல்ல."

"உண்மையச் செல்லு றிஸ்வானா. ஊசி போட்ட புள்ளைக்கி இப்பிடி வராது. வீட்டுல இரிந்துக்கிட்டுக் கொப்பிய மட்டும் குடுத்து எழுதி எடுத்தயா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரம் பிள்ளைக்கு இருமல் எழும்பியது. அவள் பிள்ளையைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்தாள், தாதி ஓடி வந்தாள். பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிற அந்த நேரம் முழுக்க நான் கையில் கடதாசியோடு நின்றேன். இருமல் அடங்கியதும் அந்தக் கடதாசியை நீட்டினேன். அவள் சொன்னதை எழுதி, "காய்ச்சல் வரவில்லை எனத் தாய் கூறுகிறார்" என்பதன் கீழ் ஒரு கோடும் போட்டிருந்தேன். அவள் வாசிக்காமலே கையெழுத்து வைத்தாள்.

மாமியார் தஸ்பீஹை நிறுத்திவிட்டு, "ஊசி போடாமலா எழுதிக்கிட்டு வந்த நீ?" என்று அவளைக் கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். இரண்டு நாளில் அந்தத் தெரு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. பிள்ளையின் வாப்பா ஆசுபத்திரிக்கு வருவதை விட்டுவிட்டார் என்றும், பிள்ளைக்கு ஏதும் நடந்தால் றிஸ்வானா திரும்பி வீட்டுக்கு வரத் தேவையில்லை என்று மாமியார் சொன்னார் என்றும் பிறகு அறிந்தேன்.

என் அறிக்கை இரண்டு பக்கம். மூன்றாவது ஊசி போடப்படவில்லை, பதிவு பொய்யானது, தாயின் வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல, பஸீலாவை வேலையிலிருந்து நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று எழுதி டொக்டரிடம் கொடுத்தேன். பஸீலாவையும் வரச்சொல்லியிருந்தேன். டொக்டர் வழமைபோலக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார். முதலாம் பக்கத்துக்கு வந்ததும் பேனையின் மூடியைப் போட்டார்.

"மூணாவது ஊசி போடல்ல எண்டே வச்சிக்கொள்ளுவம்" என்றார். "நாலு மாசத்தோட முதல் ரெண்டும் போட்டதெண்டுதான் நீங்களும் எழுதியிருக்கிறீங்க. அந்த ரெண்டும் எங்க போன மிஸ்?"

"ரெண்டோட முழுசாக் காப்பு வராது தானே டொக்டர்."

"முழுசா வராது. மூணு போட்டாலும் சில பிள்ளைக்கு வராது. ஆனா ரெண்டு நல்ல ஊசி போட்ட பிள்ளைக்கு வந்தா, அனேகமா இவ்வளவு மோசமா வராது. காய்ச்சல் வராததும் ஒண்டுக்கும் சாட்சியில்ல. நல்ல ஊசி போட்டும் காய்ச்சல் வராத பிள்ளைகள் எத்தனை? இண்டைக்குக் காலம அதே தெருவில இன்னொரு பிள்ளையும் இருமலோட வந்திருக்கு. அதுக்கு நோன்புக்கு முன்னமே மூணும் போட்டாச்சு."

பஸீலா அழுதுகொண்டே, "நான் போட்டன் டொக்டர், எல்லாப் புள்ளைக்கும் இந்தக் கையாலதான் போட்டன். அல்லாஹ்மேல..." என்று தொடங்கினாள்.

டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "சத்தியம் வேணாம் பிள்ளை. கிளினிக்குக்குப் போற அண்டைக்கு மருந்துப் பெட்டிய எப்பிடி அடுக்குறீங்களோ, அப்பிடியே ஒருக்கா அடுக்கிக் காட்டுங்க."

"இஞ்ச ஏலாது டொக்டர். ஐஸ் வாடியில இரிக்கி."

"எந்த வாடியில?" என்று நான்தான் கேட்டேன்.

அவள் ஐஸ் எங்கே எடுக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பணிமனைக் குளிர்பெட்டியின் ஐஸ் அறை பழுதாகி ஏழெட்டு மாதம். திருத்தக் கேட்டுக் கடிதங்கள் போயிருந்தன. ஐஸ் பொதிகள் சரியாக உறையாததால் மற்ற மிட்வைஃப்மார் பக்கத்து நிலையத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். பஸீலா, பெட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டு வழியால் போய், நானாவின் வாடியில் ஐஸ் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்கிறாள்.

ஆட்டோவில் ஆளனுப்பி ஐஸ் வந்தது. பஸீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். கட்டியை உடைத்துப் பெட்டியின் அடியில் ஒரு தட்டு நிரவினாள். பையிலிருந்து ஒரு கை கல்லுப்பு எடுத்து மேலே தூவினாள். அதன் மேல் மருந்துப் போத்தல்களை வரிசையாகப் படுக்க வைத்தாள். மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, சூரை மீன் அடுக்குகிற அதே கவனத்தோடு அடுக்கினாள்.

"உப்பு எதுக்குப் பிள்ளை?" என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

"உப்புப் போட்டாத்தான் டொக்டர் குளிர் கூட நிக்கும். கொழும்புக்குப் போற மீனுக்கு அப்பிடித்தான் போடுற. கிளினிக் மண்டபம் தகரக் கூரை, வெக்க தாங்காது. மருந்துல சூடு பட்டா புள்ளைகளுக்குப் புடிக்காதே எண்டு..."

உப்புப் பட்ட ஐஸ் சாதாரண ஐஸைவிடக் குளிரும், உறைநிலைக்குக் கீழே போகும் என்று மீன்காரருக்குத் தெரியும். அந்தக் குளிரில் மீன் நிற்கும். எங்கள் மருந்து நிற்காது. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற அந்த ஊசி மருந்தில் அலுமினியச் சேர்மானம் ஒன்று மிக நுண்ணிய துகள்களாகக் கலந்திருக்கும். ஊசி போட்ட இடத்துக்குக் காவல் கலங்களைக் கூப்பிட்டு, அடையாளத்தைச் சரியாகக் காட்ட உதவுவது அதுதான். மருந்து ஒரு தரம் உறைந்தால் அந்தத் துகள்கள் கட்டிபட்டுக் கெட்டுவிடும். பிறகு உருகினால் பார்வைக்கு மருந்து போலவே இருக்கும், ஊசியிலும் ஏறும், பிள்ளையும் அழும். உடம்பு மட்டும் சரியாகப் படிக்காது. இது பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததுதான். ஆனால் இந்த வெயிலில் நாங்கள் பயந்தது முழுக்கச் சூட்டுக்கு. குளிரும் மருந்தைக் கெடுக்கும் என்று பஸீலாவுக்கு நான் ஒரு நாளும் அழுத்திச் சொன்னதில்லை. அவளுடைய பெட்டிக்குள் கையை விட்டு விறைத்தபோது புகழ்ந்தேன். போத்தல்களின் காகிதத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததையும் கண்டிருக்கிறேன். கடற்காற்றின் உப்பு என்று நினைத்தேன். ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், அந்த வெள்ளைக் கறையை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை டொக்டர் மூன்று போத்தல்களைத் தன் மேசையில் வைத்தார். ஒன்று, பஸீலாவின் கடைசிக் கிளினிக்கிலிருந்து திறக்காமல் திரும்பி வந்தது. மற்றது, குளிர்பெட்டியை விட்டு வெளியே போகாதது. மூன்றாவது, அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கிக் கொண்டுவந்தது. மூன்றும் ஒரே தொகுதி மருந்து. பிளாஸ்டர் துண்டுகளில் எண் எழுதி அடியில் ஒட்டினார், எது எது என்று எங்களுக்குத் தெரியாமல். ஒன்றை என்னையும் இன்னொன்றைப் பஸீலாவையும் எடுத்துக் குலுக்கச் சொன்னார். மூன்றாவதைத் தானே குலுக்கினார். யன்னலோரம் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

முதலில் மூன்றும் பால் கலங்கிய தண்ணீர் போல இருந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டு போத்தல்களில் துணுக்குகள் தெரியத் தொடங்கின. துணுக்குகள் கீழே இறங்கின, மேலே தெளிந்த நீர் வந்தது. அரை மணித்தியாலத்தில் அந்த இரண்டிலும் அடியில் வெள்ளைப் படிவு. ஒன்று மட்டும் இன்னும் கலங்கலாகவே இருந்தது. டொக்டர் மூன்றையும் கவிழ்த்து அடியைக் காட்டினார். படிந்த இரண்டில் ஒன்று அவர் உறைய வைத்தது. மற்றது பஸீலாவின் பெட்டியில் போய் வந்தது.

பஸீலா கதிரையில் இருந்துவிட்டாள். "அப்ப நான் எத்தினை புள்ளைக்கி டொக்டர்?" என்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டொக்டர் என் அறிக்கையை என்னிடமே திருப்பித் தந்தார். "இத நீங்க திருப்பி எழுதுங்க மிஸ். பெட்டிக்குள்ள நீங்க எத்தினை தரம் கை விட்டீங்க எண்டதையும் எழுதுங்க" என்றார். எழுதினேன். பழுதான ஐஸ் அறைக்குப் பணிமனையின் தலைவர் என்ற முறையில் தானே பொறுப்பு என்று அவரும் ஒரு கடிதம் எழுதினார். பஸீலாவின் வேலை போகவில்லை, எச்சரிக்கை மட்டும் வந்தது. எனக்கும் ஒன்று வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹனாவுக்கு அந்த நோய் வந்தது உறைந்த மருந்தால்தான் என்று நூற்றுக்கு நூறு எவராலும் சொல்ல முடியாது. நல்ல மருந்தும் சில பிள்ளைகளில் பிடிக்காமல் போகும் என்று டொக்டர் சொன்னது உண்மை. ஆனால் பஸீலாவின் பெட்டியிலிருந்து ஊசி போட்ட எந்தப் பிள்ளையின் காப்பையும் இனி நம்ப முடியாது. எல்லாருக்கும் மறுபடி போட வேண்டும். பிரச்சினை அங்கேதான். ஏற்கெனவே ஊசி மேல் சந்தேகம் கொண்ட தெருவுக்குப் போய், நாங்கள் போட்ட ஊசி பழுது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஒருத்தியும் வர மாட்டாள். வராவிட்டால் அத்தனை பிள்ளைகளும் ஹனா போல ஆகலாம்.

"மேலதிக ஊசி ஒண்டு வந்திரிக்கி எண்டு செல்லுவம் டொக்டர்" என்றேன் நான்.

"பொய்யச் சொன்னா ஒரு தரம் வருவாங்க" என்றார் அவர். "அடுத்த ஊசிக்கு?"

பஸீலாதான் எழும்பினாள். "நான் போறன். செஞ்சவள் நான். நானே செல்றன்."

ஒரு கிழமை முழுக்க வீடு வீடாகப் போனாள். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு வாசற் கடப்பிலும் நின்று, "ஐஸில உப்புப் போட்டது நான்தான், மருந்து உறைஞ்சி பழுதாயிட்டுது, புள்ளயத் திரும்பக் கொண்டாங்க" என்று அதே வார்த்தைகளைச் சொன்னாள். சிலர் ஏசினார்கள். சிலர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில், "இப்பவும் என்னத்தப் போடப் போறீங்களோ" என்றார்கள். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது, ஆனால் அவர்களுடைய இடத்தில் நானாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

கிளினிக் நாள் வந்தது. தகரக் கூரை மண்டபத்தில் டொக்டர், பஸீலா, நான். பக்கத்து நிலையத்திலிருந்து எடுத்த ஐஸ் பொதிகளை, உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்கும் வரை வெளியே வைத்து, வியர்த்த பிறகுதான் பெட்டிக்குள் வைத்தோம். உள்ளே ஒரு வெப்பமானியும் போட்டிருந்தோம். எட்டு மணிக்குத் திறந்தோம். ஒன்பதாகியது, பத்தாகியது. தெருவோரம் பெண்கள் பிள்ளைகளோடு கூடி நின்றார்கள். மண்டபத்துக்குள் ஒருத்தியும் கால் வைக்கவில்லை. றிஸ்வானாவின் மாமியாரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்.

பத்தரை போல் ஒரு ஆட்டோ வந்து நின்றது. றிஸ்வானா ஹனாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நேரே ஆசுபத்திரியிலிருந்து வருகிறாள். அன்று காலைதான் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிருந்தார்கள். பிள்ளை மருந்து குடித்து முடித்துவிட்டதால் இனி யாருக்கும் தொற்றாது, இருமல் மட்டும் மாதக்கணக்கில் கிடந்து இழுக்கும் என்று எங்களுக்கு அறிவித்திருந்தார்கள். பாதி ஆளாகியிருந்தது பிள்ளை. குக்கல் வந்து போனாலும் மற்ற நான்கு நோய்களுக்கும் காப்பு வேண்டும் என்பதால் அதற்கும் ஊசி எழுதப்பட்டிருந்தது.

றிஸ்வானா மண்டபத்துக்குள் வரவில்லை. வாசற்படியில் நின்றாள். பிள்ளைக்கு இருமல் எழும்பியது. அவள் மறைக்கவில்லை, கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தம் அடங்கும் வரை தெருவில் ஒருவரும் அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், நீங்க என்னப் பொய்காரி எண்டு எழுதினீங்க."

"ஓம்" என்றேன்.

"இஞ்ச வந்து செல்லுங்க. எல்லாரும் கேக்கச் செல்லுங்க."

நான் மேசையை விட்டு எழும்பி வாசலுக்குப் போனேன். "றிஸ்வானா மூணு ஊசிக்கும் வந்தவள்" என்றேன். "நோன்போட புள்ளயத் தூக்கிட்டு வந்தவள். அவள் பொய் செல்லல்ல. பஸீலாவும் பொய் எழுதல்ல. விசாரிக்காமப் பழி போட்டது நான். அந்தப் பெட்டியப் பாத்து நல்லது எண்டு சொன்னதும் நான்தான்."

"என்ட மாமியப் பாத்துச் செல்லுங்க."

கூட்டத்தில் அந்தக் கிழவியைத் தேடிப் பிடித்து, அவருடைய கண்ணைப் பார்த்து, முழுவதையும் இரண்டாம் தரம் சொன்னேன். அவர் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

றிஸ்வானா படியேறி உள்ளே வந்தாள். ஊசி போடும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்வது எப்போதும் என் வேலை. வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினேன். அவள் தோளைத் திருப்பி என்னைத் தாண்டிப் போய், பஸீலாவின் முன்னால் இருந்த கதிரையில் இருந்து, பிள்ளையைத் தன் மடியிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போடுங்க ராத்தா" என்றாள். பஸீலா சரியாகத்தான் போட்டாள்.

அதன் பிறகு படியில் செருப்புகள் சேரத் தொடங்கின. முதலாவதாக மாமியார் தன் மகளின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னேரம் அஸர் தொழுகை வரை வரிசை ஓயவில்லை. நான் பஸீலாவின் பக்கத்தில் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கடைசிவரை நின்றேன். ஒருத்திகூடத் தன் பிள்ளையை என் கையில் தரவில்லை.